எவரெஸ்ட் அடிவார முகாம் போகும் கல்லூரிக் குழுக்களுக்கு: உடல்நலத் தயாரிப்பு, படிப்படியாக

தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கத் தொடங்கும் இடமான லுக்லாவே அதைவிட இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறி 5,364 மீட்டரில் நிற்கும்போது, ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் மெரினாவில் கிடைப்பதில் பாதிதான். அந்த உயரத்தை உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நம் ஊர் மலை எதிலும் சோதித்துப் பார்க்க முடியாது. பர்வதமலையை இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுபவருக்கும், பாதையில் 3,440 மீட்டரிலுள்ள நாம்சேயில் தலை பிளக்கலாம். கூட வந்த, மூச்சு வாங்கிக்கொண்டே நடக்கும் தோழிக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கு வயது குறைவு என்பதும் உடல் உறுதி என்பதும் கவசமில்லை. சொல்லப்போனால் கால் பலம் உள்ளவர்கள்தான் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

17 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் எட்டு, பத்துப் பேராகச் சேர்ந்து போகும் பயணத்தை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வரிசைப்படுத்தியிருக்கிறோம். இதில் உள்ள மருந்து அளவுகள் பொதுவாகப் பின்பற்றப்படுபவை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே மாதக் கோடை விடுமுறை மலைப் பருவத்தோடு சரியாகப் பொருந்துகிறது. அக்டோபர், நவம்பர் இன்னும் தெளிவான வானம். ஆனால் அப்போது கல்லூரியில் இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைப்பது கடினம்.

டிசம்பர் செமஸ்டர் விடுமுறையில் கிளம்பாதீர்கள். மேலே இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். விடுதிகள் பலவும் மூடியிருக்கும். முக்கியமாக, பாதையிலுள்ள பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையம் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் இயங்கும். வழியில் மலைநோய் தெரிந்த மருத்துவர் இருக்கும் முக்கியமான இடம் அது. அது மூடியிருக்கும் காலத்தில் முதல்முறை போகிறவர்கள் அங்கே ஏறக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

2. பன்னிரண்டு வாரம் முன்னால்: மருத்துவப் பரிசோதனை

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மருத்துவரிடம் போய் ‘ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்’ கையெழுத்து வாங்குவது பரிசோதனை ஆகாது. மூன்று மாதம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் போதும்: ரத்தசோகை. நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு ஹீமோகுளோபின் குறைவு. கீழே அது வெறும் சோர்வாகத் தெரியும். ஆக்ஸிஜன் பாதியாகும் இடத்தில், அதைச் சுமக்கும் ரத்தமும் குறைந்திருந்தால் நிலைமை வேறு. பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் காரணத்தைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வேண்டும். அது ஏறி நிலைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை:

வீசிங். கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போகலாம். குளிர்ந்த வறண்ட காற்று அதைக் கிளப்பும் என்பதால் நீல நிற இன்ஹேலர் இரண்டு வேண்டும். ஒன்று உங்களிடம், இன்னொன்று குழுத்தலைவரிடம். முதுகுப் பையில் போட்டால் குளிரில் சரியாகத் தெளிக்காது. சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகைச் சர்க்கரை நோய். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் பிறகு உருகினாலும் பயனில்லை. பகலில் உடம்போடு ஒட்டிய பையிலும், இரவில் ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளேயும் இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டும். அதையும் சூடாக வைத்திருங்கள்.

வலிப்பு, மன அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரைகள். ‘குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்’ என்று பயந்து மறைப்பதும், ‘மலைக்குப் போவதற்குள் நிறுத்திவிடலாம்’ என்று தாமாக நிறுத்துவதும் அடிக்கடி நடக்கின்றன. இரண்டுமே ஆபத்து. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும்.

அரிவாள் செல் ரத்தசோகை. நீலகிரி போன்ற பகுதிகளின் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களும் கட்டாயம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இருந்தால் இந்தப் பயணம் வேண்டாம். மரபுக்கூறு மட்டும் இருந்தாலும் நிபுணரிடம் கேட்காமல் ஏறக் கூடாது.

கருத்தடை மாத்திரை, அல்லது மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் மாத்திரை. சிலவற்றில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். உயரத்தில் நீர் வற்றி, விடுதியில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அது இன்னும் கூடும். எந்த வகை மாத்திரை என்பதை மகளிர் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தள்ளிப்போடாவிட்டாலும் கவலையில்லை. உயரத்தில் நாள் முன்பின் ஆவது சகஜம் என்பதால் நாப்கினைக் கணக்குக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைக் கட்டிக் கீழே கொண்டுவர ஒரு ஜிப் பையும் வேண்டும்.

பல்லையும் இப்போதே காட்டிவிடுங்கள். சொத்தைப் பல் குளிரில் கிளம்பினால், முகாமுக்குச் சற்று முன்னாலுள்ள லோபூச்சேயில் பல் மருத்துவர் கிடையாது.

3. எட்டு வாரம் முன்னால்: தடுப்பூசிகள்

இந்தியாவிலிருந்து நேரடியாக நேபாளம் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவையில்லை. யாராவது கட்டாயம் என்று சொன்னால் ஆப்பிரிக்கப் பயணத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று பொருள். கீழே சொல்பவை அதிகாரிகள் கேட்பவை அல்ல, உங்களுக்குத் தேவைப்படுபவை.

டைஃபாய்டு: கான்ஜுகேட் வகை ஊசி, ஒரே தவணை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலாவது. தனியார் மருத்துவமனையில் சுமார் ₹2,000. மஞ்சள் காமாலையில் ஏ வகைக்கான ஊசியையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். சிறு வயதிலேயே வந்து போயிருந்தால் தேவைப்படாது. டெட்டனஸ், டிஃப்தீரியா ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தவிர்ப்பது வெறிநாய்க்கடிக்கான முன்கூட்டிய தடுப்பூசி. அதைத்தான் நாங்கள் வலியுறுத்துவோம். காட்மாண்டு தெருக்களில் நாய்கள் அதிகம், சுவயம்பூநாத் கோயிலில் குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். ஊசி போடாதவரைக் கடித்தால் தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்பு தரும் இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். மலையில் அது கிடைக்காது. நாம்சேயில் கடி வாங்கினால் காட்மாண்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். முன்கூட்டியே இரண்டு தவணை, முதல் நாளும் ஏழாம் நாளும் போட்டிருந்தால், கடித்த பிறகு இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஒரு தவணை சில நூறு ரூபாய்தான். எப்படியிருந்தாலும் கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை.

பரிசோதனை, தடுப்பூசி, மருந்து எல்லாம் சேர்த்து ஆளுக்கு ₹8,000 முதல் ₹10,000 வரை ஒதுக்கி வையுங்கள். ஷூவுக்குச் செலவழிப்பதைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

4. ஆறு வாரம் முன்னால்: ஆவணங்களும் காப்பீடும்

இந்தியர்களுக்கு நேபாள விசா கிடையாது. ஆனால் விமானத்தில் போக அசல் பாஸ்போர்ட் அல்லது அசல் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எடுபடாது. 17 வயதுக்காரருக்கு வாக்காளர் அட்டை இருக்காது என்பதால் பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், காவல் சரிபார்ப்பு தேவைப்பட்டால் முடிய நேரம் பிடிக்கும். 18 நிறையாதவர்களிடம் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் இருக்க வேண்டும். ‘அவசரத்தில் அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் குழுத்தலைவர் கையெழுத்திடலாம்’ என்ற வரி அதில் இருக்கட்டும். பலரும் பயணத்துக்கு மட்டும் ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிட்டு இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க மருத்துவத் தாள் தயார் செய்யுங்கள், ஆங்கிலத்தில். பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, நோய்கள், எடுக்கும் மருந்துகளின் வேதிப்பெயரும் அளவும், போட்ட தடுப்பூசிகளும் தேதிகளும், காப்பீட்டு எண், வீட்டில் இரண்டு பேரின் தொலைபேசி எண். மூன்று நகல். ஒன்று பாஸ்போர்ட்டோடு, ஒன்று தலைவரிடம், ஒன்று வீட்டில். குழு முழுக்கத் தெரிய வேண்டாத விவரம் இருந்தால் மூடிய உறையில் வைத்துத் தலைவரிடம் கொடுக்கலாம்.

இனி காப்பீடு. பணம் போவது இங்கேதான். மேலிருந்து ஹெலிகாப்டரில் காட்மாண்டு வர அமெரிக்க டாலரில் பல ஆயிரம் ஆகும். விமான டிக்கெட்டோடு ஒரு டிக் அடித்து வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடு மலையேற்றத்தைப் பெரும்பாலும் விலக்கிவைக்கும், அல்லது ஒரு உயரத்துக்கு மேல் பொறுப்பேற்காது. வாங்குவதற்கு முன் மின்னஞ்சலில் நான்கு கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்:

- 6,000 மீட்டர் வரை நடைப்பயணத்துக்குச் செல்லுமா?
- மலைநோய் என்ற பெயரிலேயே சிகிச்சையும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கின்றனவா?
- மீட்புக்கு முன் யாரை அழைத்து ஒப்புதல் வாங்க வேண்டும்? அந்த எண் இரவிலும் எடுபடுமா?
- மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா?

முன்பே இருக்கும் நோயைப் படிவத்தில் மறைத்தால் பின்னால் மொத்தக் கோரிக்கையும் தள்ளுபடி ஆகும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றி, ஒரே பயணத்துக்குப் பல பேர் பெயரில் பில் போடும் மோசடியை 2018-இல் நேபாள அரசே விசாரித்தது. லேசான தலைவலிக்கு ‘காப்பீடு இருக்கிறதே, பறந்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும், முதலில் கீழே நடந்து இறங்கிப் பாருங்கள்.

5. நாள் திட்டம்: இதுதான் உண்மையான மருந்து

விற்பனைக்கு வரும் திட்டங்களில் எட்டு, ஒன்பது நாள் திட்டங்கள்தான் விலை குறைவு. விடுப்பும் குறைவாகத் தேவைப்படும், மாணவர்கள் அதைத்தான் பிடிப்பார்கள். அதில் வெட்டப்பட்டிருப்பது ஓய்வு நாள். விதி இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல், நேற்று தூங்கிய உயரத்தைவிட இன்று தூங்கும் உயரம் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, தூங்கும் உயரம்தான் கணக்கு.

நாள் 1: லுக்லா 2,860 மீட்டரில் இறங்கி, பாக்டிங் 2,610.
நாள் 2: நாம்சே 3,440.
நாள் 3: நாம்சேயிலேயே. பகலில் 3,880 வரை ஏறி இறங்குங்கள்.
நாள் 4: தெங்போச்சே 3,860.
நாள் 5: டிங்போச்சே 4,410.
நாள் 6: டிங்போச்சேயிலேயே.
நாள் 7: லோபூச்சே 4,940.
நாள் 8: கோரக் ஷெப் 5,164. அங்கிருந்து முகாம் போய்த் திரும்புதல்.
நாள் 9: பக்கத்திலுள்ள காலாபத்தர் குன்றில் ஏற விரும்புவோர் ஏறிவிட்டு, பெரிச்சே வரை இறக்கம்.
நாள் 10, 11: நாம்சே, லுக்லா.

பாக்டிங்கிலிருந்து நாம்சே ஒரே நாளில் 830 மீட்டர். இடையில் தங்க வசதியுள்ள மோஞ்சோவில் ஒரு இரவு சேர்த்தால் இன்னும் நல்லது. தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சேயும், டிங்போச்சேயிலிருந்து லோபூச்சேயும் 500-ஐச் சற்றுத் தாண்டுகின்றன. யாருக்காவது தலை கனத்தால் துக்லாவில், 4,620 மீட்டரில், நிறுத்தத் தயாராக இருங்கள். இதற்கு மேல் இரண்டு நாள் உபரி வேண்டும். லுக்லா விமானங்கள் மேகம் மூடினால் பறக்காது. உபரி நாள் இல்லாத குழு, அந்தத் தாமதத்தை மேலே ஓய்வு நாளை வெட்டித்தான் ஈடுகட்டும். காட்மாண்டு நாட்களையும் சேர்த்தால் பதினாறு நாள். அவ்வளவு விடுப்பு இல்லையென்றால் நாம்சே, தெங்போச்சே வரை போய்த் திரும்புங்கள். அங்கிருந்தே எவரெஸ்ட் தெரியும்.

6. மருந்துப் பை

அசெட்டாசோலமைடு, டயமாக்ஸ் என்று கடையில் கேட்பது. தடுப்புக்கு 125 மில்லிகிராம், காலையும் இரவும். 250 மாத்திரையைப் பாதியாக உடைத்தால் சரி. ஏறுவதற்கு முந்தின நாள், அதாவது பாக்டிங் இரவில், தொடங்கி, உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும்வரை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போலிருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா சப்பென்று இருக்கும். இவை பயப்படத் தேவையில்லாதவை. சல்ஃபா மருந்துகளுக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிடுங்கள். முதல் மாத்திரையை மலையில் விழுங்கினால், வரும் தொல்லை மருந்தாலா உயரத்தாலா என்று புரியாது. இந்த மாத்திரை நோயை மறைப்பதில்லை, உடம்பு பழகுவதை வேகப்படுத்துகிறது. ஆனால் எட்டு நாள் திட்டத்தைப் பாதுகாப்பானதாக மாற்றும் சக்தி அதற்கில்லை.

தலைவரின் பையில் மட்டும் இருக்க வேண்டியவை, மலைநோய் முற்றி மூளை வீங்கினால் தரும் டெக்ஸாமெத்தசோன், நுரையீரலில் நீர் கோத்தால் தரும் நிஃபெடிபின் இரண்டும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு. தடுப்புக்காக டெக்ஸாமெத்தசோன் விழுங்கிக்கொண்டு ஏறலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். நிறுத்தியதும் நோய் ஒரேயடியாக வெளிவரும்.

மற்றவை: பாராசிட்டமால், இபுப்ரோஃபென், ஆளுக்கு ஆறு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் எழுதித் தரும் அசித்ரோமைசின் (நேபாளத்தில் சிப்ரோஃப்ளாக்ஸசின் பல கிருமிகளிடம் எடுபடுவதில்லை), வாந்தி மாத்திரை, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, கிரேப் பேண்டேஜ், வெப்பமானி. தூக்க மாத்திரை வேண்டாம், அது மூச்சை மந்தமாக்கும். மதுவும் அப்படியே.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று போதும், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். 5,000 மீட்டரில் நன்றாக இருப்பவருக்கே 75, 80 என்று காட்டும். குளிர்ந்த விரலிலும், நகச்சாயம் பூசிய விரலிலும் இன்னும் குறைத்துக் காட்டும். எண் 88 இருக்கிறது என்று சொல்லி, தள்ளாடுபவரை மேலே கூட்டிப்போவதுதான் பெரிய தவறு.

7. காட்மாண்டுவிலும் சாலையிலும்

வெளிநாடு போகும் இளைஞர்களின் உயிரைப் பறிப்பதில் மலைநோயைவிடச் சாலை விபத்துக்குப் பெரிய பங்கு. கூட்டமான பருவங்களில் லுக்லா விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நான்கைந்து மணி நேரத் தொலைவிலுள்ள ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்பும். நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு வேனில் ஏற்றுவார்கள். தூக்கமில்லாத ஓட்டுநர், மலைச்சாலை, இருட்டு. முடிந்தால் முந்தின நாள் பகலிலேயே மந்தலி போய்த் தங்கிவிடுங்கள். தூக்கம் கெட்ட உடம்போடு நடையைத் தொடங்காமலிருப்பதும் ஒரு லாபம். பெல்ட் இருக்கும் வேனைக் கேட்டு வாங்குங்கள். வாடகை பைக் வேண்டாம்.

காட்மாண்டுவில் டெங்கு உண்டு, மழைக்காலத்திலும் அதன் பிறகும் அதிகம். பகலில் கொசு விரட்டி பூசுங்கள். மலேரியா மாத்திரை இந்தப் பாதைக்குத் தேவையில்லை. சிட்வன், லும்பினி என்று தராய்ச் சமவெளியைச் சேர்த்துக்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்.

8. தண்ணீர், சாப்பாடு

கொதித்த தண்ணீர் ஒரு லிட்டரின் விலை மேலே ஏற ஏற உயரும். அதனாலேயே மாணவர்கள் குடிப்பதைக் குறைப்பார்கள், அல்லது ஓடைத் தண்ணீரைக் குடிப்பார்கள். குளோரின் மாத்திரை கொண்டுபோங்கள். குளிர்ந்த நீரில் அரை மணி போதாது, ஒரு மணிக்கு மேல் விடுங்கள். ஜியார்டியா போன்ற சில குடல் ஒட்டுண்ணிகளை அது முழுதாகக் கொல்லாது. கொதிக்க வைத்தால் எல்லாம் சாகும். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், குமிழ் வந்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். நாளைக்கு மூன்று லிட்டர் அளவு போதும். ‘தண்ணீர் குடித்தால் மலைநோய் வராது’ என்று ஆறேழு லிட்டர் குடிப்பது ரத்தத்தில் உப்பைக் குறைத்து, அதுவே தலைவலியும் வாந்தியும் தரும்.

நாம்சேக்கு மேலே அசைவத்தை விட்டுவிடுங்கள். எவரெஸ்ட்டைச் சுற்றியுள்ள இந்தக் கும்புப் பகுதியில் ஆடு மாடு அறுப்பதில்லை. இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் முதுகில் சுமந்து கொண்டுவரப்படுகிறது. பருப்பும் சோறுமான தால் பாத் நம் வாய்க்கும் ஒத்துவரும், கேட்டால் மறுமுறையும் போடுவார்கள். சுடச்சுட வருவதைத் தவிர எதையும், பச்சைக் கீரை சாலட் உட்பட, தொடாதீர்கள். கழிவறைக்கு வெளியே சோப்பு இருக்காது. அங்கேயே கை கழுவுங்கள், ஐஸ் போன்ற தண்ணீரானாலும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். முழுப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கலக்குங்கள். அரைப் பாக்கெட்டை ஒரு தம்ளரில் கலந்தால் உப்பு அளவு மாறிவிடும். பாக்கெட் தீர்ந்தால் லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அன்று ஏறக் கூடாது.

9. மலைநோயைக் கண்டுபிடிப்பதும் இறங்குவதும்

உயரத்துக்கு வந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஏதாவது ஒன்று. இதுதான் ஆரம்பம். வேறு காரணம் உறுதியாகத் தெரியாதவரை, உயரத்தில் வரும் எந்தத் தொல்லையும் மலைநோயே என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நேற்று சாப்பிட்டது ஒத்துக்கலை’, ‘வெயில்ல நடந்தது’ என்ற விளக்கங்கள்தான் மூன்று நாள் கழித்து ஆளைத் தூக்கி வரவைக்கின்றன.

அந்த நிலையில் செய்ய வேண்டியது எளிது. அதே உயரத்தில் தங்குங்கள், ஏறாதீர்கள். பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு. மருத்துவர் சொல்லியிருந்தால் டயமாக்ஸ் 250, இரண்டு வேளை. ஒரு நாளில் சரியானால் மேலே போகலாம். சரியாகாவிட்டால், அல்லது கூடினால், கீழே.

உயிரை எடுப்பவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம். குடித்தவர் போல் தள்ளாடுவார், குழப்பமாகப் பேசுவார், ஷூ கயிறு கட்டத் தெரியாது, ஒதுங்கிப் படுத்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி ஒட்டிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் போதும், வேறு சோதனை வேண்டாம். இரண்டாவது நுரையீரலில் நீர் கோப்பது. பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாவது, மூன்றாவது இரவில். நேற்று முன்னால் நடந்தவர் இன்று பின்தங்குவார், வறட்டு இருமல் வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அதுதான் அடையாளம். சளியில் நுரையும் இளஞ்சிவப்பும் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தலைவலியே இல்லாமலும் இது வரும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இறக்கம். குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000. ‘விடியட்டும்’ என்பது மலையில் மிகவும் ஆபத்தான வார்த்தை. ஹெலிகாப்டர் இரவிலும் மேகத்திலும் பறக்காது. டார்ச்சோடு, குதிரையிலோ முதுகிலோ, இப்போதே கிளம்ப வேண்டும். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் முதலில், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4. நுரையீரலுக்கு ஆக்ஸிஜனும், இல்லாவிட்டால் நிஃபெடிபினும். இவை இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை, இறக்கத்துக்கு மாற்றல்ல. பெரிச்சே மருத்துவ நிலையத்தில் ஆக்ஸிஜனும், நோயாளியை உள்ளே படுக்கவைத்து அழுத்தத்தைக் கூட்டும் காற்றழுத்தப் பையும் இருக்கும். நாம்சேக்கு மேலே குண்டேயில் மருத்துவமனை உண்டு. பெரிச்சேயில் பிற்பகலில் மலைநோய் பற்றி மருத்துவர்களே பேசுவார்கள். ஏறும்போது டிங்போச்சேயிலிருந்து ஓய்வு நாளில் குழுவோடு நடந்துபோய்க் கேளுங்கள்.

நோயாளியைச் சுமைக்காரரோடு மட்டும் அனுப்பாதீர்கள். தமிழ் பேசத் தெரிந்த நண்பர் ஒருவர், பாஸ்போர்ட், பணம், மருத்துவத் தாள், காப்பீட்டு எண் நான்கையும் எடுத்துக்கொண்டு கூடப் போக வேண்டும். குழம்பிய நிலையில் இருப்பவர் தாய்மொழியில்தான் வலியைச் சொல்வார்.

10. குழுத்தலைவரின் தினசரி வேலை

இளைஞர் குழுவில் நோயைவிட ஆபத்து, சொல்லாமல் இருப்பது. ‘என்னால் எல்லாரும் திரும்ப வேண்டி வருமோ’ என்று வாயை மூடிக்கொள்வார்கள். கிளம்புவதற்கு முன்பே, ஊரிலேயே, இரண்டு முடிவுகளை எடுத்து எழுதி வையுங்கள். யார் இறங்கினாலும் அவரோடு போகப்போவது யார்? இறங்கியவருக்கு ஆகும் கூடுதல் செலவு பொது நிதியிலிருந்து. பணக் கவலை இல்லை என்று தெரிந்தால் பாதிப் பேர் உண்மையைச் சொல்வார்கள்.

காலை, மாலை இரண்டு வேளையும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: தலைவலி உண்டா, சாப்பிட்டாயா, தூங்கினாயா, சிறுநீர் என்ன நிறம்? கும்பலில் வைத்துக் கேட்டால் ‘நல்லா இருக்கேன்ணா’ தான் பதில். சுமை தூக்கி வருபவர்களையும் கேளுங்கள். தாழ்வான ஊரிலிருந்து வரும் சுமைக்காரருக்கும் இதே நோய் வரும், அவர்களில் பலர் உங்கள் வயதுதான். அவர்களுக்குக் காப்பீடும் குளிர் உடையும் இருக்கின்றனவா என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நடையில் இரண்டே விஷயம். யாக்கோ கோவேறு கழுதையோ வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் ஓரத்தில் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும். வெயில் கண்ணாடியைப் பனி மேல் கழற்றாதீர்கள். மேகமூட்டத்திலும் கண் வெந்துபோகும், இரவில்தான் எரிச்சல் தொடங்கும்.

11. ஊர் திரும்பிய பிறகு

எங்கே காய்ச்சல் வந்தாலும், ஒரு மாதம்வரை, மருத்துவரிடம் முதல் வாக்கியமாக ‘நேபாளம் போய் வந்தேன்’ என்று சொல்லுங்கள். டைஃபாய்டா டெங்குவா என்று பார்க்க அது உதவும். வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஏப்பத்தில் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ ஜியார்டியாவுக்கு மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மே மாதக் கடைசியில் திரும்பியவர்கள் சைக்ளோஸ்போரா என்ற குடல் ஒட்டுண்ணியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், சாதாரணப் பரிசோதனையில் அது தெரியாது. நாய், குரங்கு கீறலை அங்கே கழுவிவிட்டு மறந்திருந்தால், எத்தனை நாள் ஆனாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். காப்பீட்டுக் கோரிக்கைக்கு அசல் பில்கள், மருத்துவரின் குறிப்பு, ஹெலிகாப்டர் நிறுவனத்தின் ரசீது மூன்றும் வேண்டும். காட்மாண்டுவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.